விருந்துச் சமையலைப் பங்கு போட்டோம், வேலை மட்டும் என்னிடமே நின்றது

கிணற்றடி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் ஒரு நீண்ட விடுமுறைக்கு என் கணவர் குடும்பம் முழுக்க எங்கள் வீட்டில் கூடும். பெரியவர்கள் 15, பிள்ளைகள் 7, மொத்தம் 22 பேர். ராத்திரி விருந்துதான் முக்கியம். 16 வருடமாக நானும் மாமியாரும் சேர்ந்து சமைத்தோம். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு நான் மட்டும். போன வருடம்தான் முதல்முறையாக "தனியாக முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. "ஆளுக்கு ஒரு ஐட்டம் செய்து கொண்டுவருகிறோம்" என்று எல்லோரும் நல்ல மனதோடு ஒத்துக்கொண்டார்கள்.

அன்று நடந்தது இது. மூன்று வீட்டிலிருந்து இனிப்பு வந்தது. காய்கறி யாரும் கொண்டுவரவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு நான்கு குடும்பங்கள் ஒரே நேரத்தில் நுழைந்தன. எல்லாப் பாத்திரத்தையும் சூடாக்க வேண்டும், என்னிடம் இருப்பதோ மூன்று பர்னர். "அண்ணி, பெரிய கரண்டி எங்கே?", "அக்கா, இதை எந்தக் கிண்ணத்தில் மாற்ற?", "உப்பு டப்பா எது?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் சும்மா உட்காரவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நான் உட்கார்ந்து சாப்பிட்டபோது மணி பத்தரை. எல்லாம் ஆறிப்போயிருந்தது. மறுநாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்தேன். தனியாகச் சமைத்த வருடங்களிலேயே இவ்வளவு களைத்ததில்லை.

இதை நாத்தனாரிடம் சொன்னால், "நாங்களும்தானே செய்தோம்" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. முந்தின நாள் ராத்திரி கண்விழித்துச் சமைத்துத்தான் வந்தார்.

இந்த வருடம் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உங்கள் வீடுகளில் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? உண்மையிலேயே பாரம் இறங்கும்படி பிரிக்க வழி இருக்கிறதா?

காற்றாலை எழுதியது:

வெளியில் ஆர்டர் கொடுத்துவிடுங்கள் அக்கா. 22 பேருக்கு வீட்டில் சமைப்பது இந்தக் காலத்தில் தேவையில்லாத சிரமம். அந்த நேரத்தில் உட்கார்ந்து பேசலாம்.

கிணற்றடி எழுதியது:

நானும் யோசித்தேன் தம்பி. மாமியார் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை, முகம்தான் வாடிப்போனது. அப்புறம் பிள்ளைகள். சேர்ந்து சமைப்பதைத்தான் அவர்கள் வருடம் முழுக்க நினைவு வைத்துப் பேசுகிறார்கள். சமையலை விட எனக்கு மனமில்லை. தனியாகச் சுமப்பதைத்தான் விட நினைக்கிறேன்.

மூன்றாம்பிள்ளை எழுதியது:

நாங்கள் அண்ணன் தம்பி நாலு பேர். அம்மா இருந்தவரை எல்லாம் அவர் கையில்தான். அம்மா போன பிறகு முதல் விருந்து எங்கள் அண்ணி தலையில் விழுந்தது. அன்று ராத்திரி அண்ணி சமையலறையில் தனியாக நின்று அழுததை நான் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வருடம் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எல்லோரும் உட்கார்ந்து, அண்ணியைச் சொல்லச்சொல்லி, அந்த விருந்துக்காக அவர் என்னென்ன செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதினோம். வேண்டுமென்றே மிகச் சின்ன வேலையைக்கூட விடவில்லை. "ஃப்ரிட்ஜில் இடம் காலி செய்வது" ஒரு வேலை. "யார் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று ஞாபகம் வைப்பது" ஒரு வேலை. "உறைந்த இறைச்சியை முந்தின நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றுவது" ஒரு வேலை. எண்ணிப் பார்த்தால் 61 வந்தது. அதில் அடுப்பின் முன்னால் நின்று சமைப்பது வெறும் 11. நாங்கள் பங்கு போட்டுக்கொண்டு பெருமைப்பட்டதெல்லாம் அந்த 11-ஐத்தான். மீதி 50-ம் பெயர் இல்லாமல் அண்ணியிடமே கிடந்தது.

கிணற்றடி அக்கா, உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. உங்கள் நாத்தனார் சமைத்தார், சரி. ஆனால் அவர் பாத்திரம் எப்போது அடுப்பில் ஏறும், எந்தத் தட்டில் இறங்கும், காலிப் பாத்திரம் எங்கே போகும் என்பதை யோசித்தது யார்? நீங்கள். "உப்பு டப்பா எது?" என்று கேட்டவர் உதவி செய்யத்தான் கேட்டார். அந்தப் பதிலுக்காக நீங்கள் உங்கள் கைவேலையை நிறுத்தினீர்கள். ராத்திரி முழுக்க அப்படி நாற்பது தடவை.

ஐட்டத்தைப் பிரிக்காதீர்கள். ஒரு காரியத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒருவரிடம் கொடுங்கள். "நீ சோறு" என்றால் அரிசி வாங்குவது, அளவு முடிவு செய்வது, பாத்திரம் கண்டுபிடிப்பது, வடிப்பது, பரிமாறும் வரை சூடாக வைப்பது, மீந்ததை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைப்பது, அந்தப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாமே சேர்ந்ததுதான் சோறு.

புதுமருமகள் எழுதியது:

மூன்றாம்பிள்ளை அண்ணா, உங்கள் வீட்டில் 61-ஐயும் எழுதவாவது விட்டார்கள். எங்கள் வீட்டில் வேறு மாதிரி.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். போன விருந்துக்கு என்னிடம் ஒரு குழம்பைக் கொடுத்தார்கள். மூன்று தடவை வீட்டில் செய்து பழகிவிட்டுத்தான் கொண்டுபோனேன். பந்தியில் வைக்கும் முன்பு பெரியவர் ஒருவர் ருசி பார்த்து, எல்லோர் முன்னாலும் உப்பும் காரமும் சேர்த்து, பத்து நிமிடம் மறுபடி கொதிக்கவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதில் என் கை எது என்று எனக்கே தெரியவில்லை. இந்த வருடம் எதுவும் செய்யாமல் கைவீசிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

பங்கு கொடுப்பவர்கள் இதையும் யோசியுங்கள். வேலையைக் கொடுத்துவிட்டு முடிவை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டால், எடுபிடியாகத்தான் எங்களை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாடிவீடு எழுதியது:

புதுமருமகள், உன் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள். அதனால் உரிமையோடு பேசுகிறேன். எனக்கு 71 வயது. உன் குழம்பில் உப்பு போட்டவரின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

அது தவறுதான். நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நாற்பத்தைந்து வருடம் ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு எது கொதிக்க வேண்டும் என்பது என் சொல்லாக இருந்தது. ஒருநாள் பிள்ளைகள் அன்போடு தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்கள் ஓய்வெடுங்கள் அம்மா" என்றார்கள். உள்ளே பாத்திரச் சத்தம், சிரிப்புச் சத்தம். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஓய்வாக இல்லை. யாரோ ருசி பார்க்கக் கரண்டியை நீட்டியதும், நானும் இருக்கிறேன் என்று காட்ட ஏதாவது சேர்க்கத் தோன்றியது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போது என் வேலை உட்கார்ந்து செய்யும் வேலை. காய் நறுக்கும் பலகை மேசைக்கு வந்துவிடும். வெங்காயம், பூண்டு முழுக்க என் பொறுப்பு, பேரன் இரண்டு பேர் என் கீழே. இனிப்புக்குப் பாகு பதம் பார்ப்பதும் நான்தான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கும் அந்த வேலையை வேறு யாரும் கேட்பதில்லை. மற்றவர் பாத்திரத்தில் நான் கை வைப்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன்.

கிணற்றடி, உன் மாமியாருக்கு முழங்கால்தானே வலிக்கிறது? கையும் நாக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவர் இல்லாவிட்டால் விருந்து நடக்காது என்கிற மாதிரி ஒரு வேலையாகப் பார்த்துக் கொடு. ஒப்புக்குக் கொடுக்காதே, உடனே தெரிந்துவிடும்.

கிணற்றடி எழுதியது:

அம்மா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. "நீங்கள் உட்காருங்கள் அத்தை" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தீச்சட்டி எழுதியது:

ஹோட்டல் சமையலறையில் 18 வருடம் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மேலே சொன்ன "ஒருவருக்கு ஒரு காரியம் முழுதாக" என்பதுதான் பெரிய சமையலறைகளின் அடிப்படை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அகஸ்ட் எஸ்கோஃபியே என்கிற பிரெஞ்சுச் சமையல்காரர் லண்டன் சவாய் ஹோட்டலில் வேலை பார்த்தார். சமையலறையை அவர் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்திய முறையில்தான் இன்றும் பல பெரிய சமையலறைகள் ஓடுகின்றன. சாஸ் வகைகளுக்கு ஒருவர், வறுப்பதற்கு ஒருவர், காய்க்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர். ஆனால் அதில் இன்னொரு பாதி உண்டு. எல்லாவற்றையும் பார்த்து "இப்போது இது, அடுத்து அது" என்று நேரம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வீட்டில் அந்த ஆளையும் சமைக்கவிட்டால் இரண்டு வேலையும் கெடும். கிணற்றடி அம்மா, போன வருடம் நீங்கள் அந்த ஆளாகவும் இருந்தீர்கள், பாத்திரம் சூடாக்குபவராகவும் இருந்தீர்கள். இந்த வருடம் நேரம் சொல்லும் வேலையை ஒருவருக்குக் கொடுங்கள். அன்று அவர் வேறு எதுவும் செய்ய வேண்டாம். அது நீங்களாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அடுத்தது அடுப்பு. என்ன சமைக்கலாம் என்று ருசியை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று பர்னரை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள், ஒரு பர்னருக்கு ஒரு பத்தி. மதியம் மூன்றிலிருந்து எட்டு மணிவரை அரைமணி அரைமணியாகக் கோடு கிழித்து, எந்தப் பாத்திரம் எப்போது எங்கே என்று நிரப்புங்கள். எட்டு மணிக்கு முந்தின அரைமணியில் ஐந்து பாத்திரம் மூன்று பர்னருக்கு அடித்துக்கொள்வது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். ஐந்து வாரம் முன்பே தெரிந்தால் அழ வேண்டியதில்லை, ஒரு ஐட்டத்தை மாற்றினால் போதும். குளிர்ச்சியாகவே பரிமாறுவது இரண்டு, முந்தின நாள் செய்தால் ருசி கூடுவது ஒன்று, அன்று மதியமே முடிந்துவிடுவது ஒன்று, கடைசி நிமிடத்தில் சுடச்சுட வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கில் போங்கள்.

கடைசி நிமிடத்துக்குப் பொரிப்பதை வைக்காதீர்கள். 22 பேருக்கு ஆளுக்கு 3 என்றால் 66. வீட்டுச் சட்டியில் ஒரு தடவைக்கு 6 போடலாம், அப்படியென்றால் 11 தடவை. தடவைக்கு 4 நிமிடம் வைத்தாலும் 44 நிமிடம், நடுவில் எண்ணெய் மறுபடி சூடேறும் நேரம் தனி. ஒருவர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் எண்ணெய் முன்னால் நிற்க வேண்டும். அவர் எப்போது சாப்பிடுவார்?

இன்னொன்று, அளவைப் பெருக்குவது. நாலு பேருக்குச் செய்வதை அப்படியே ஐந்தரையால் பெருக்கினால் சோறு குழையும். அரிசி உறிஞ்சும் தண்ணீர் அரிசியோடு கூடும். ஆவியாகப் போகும் தண்ணீர் அப்படி இல்லை. அது பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அதனால் பெரிய அளவில் தண்ணீர் விகிதத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். உப்பும் காரமும் கணக்கில் முக்கால் பங்கு போட்டுவிட்டு, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். போட்டதை எடுக்க முடியாது.

செவிலி எழுதியது:

மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள், ஒரே குடும்பத்தில் ஐந்தாறு பேர் வாந்தி வயிற்றுப்போக்கோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேசுவேன்.

வெவ்வேறு வீடுகளில் சமைத்துக் கொண்டுவருவது பங்கு போடுவதற்கு வசதிதான். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சமைத்த உணவு அந்த இடைவெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. மதியம் சமைத்து, மூடி போட்டுத் துணியில் சுற்றி, மூன்று மணி நேரம் காரில் கொண்டுவந்து, வெதுவெதுப்பாக மேசையில் வைப்பது என்பது கிருமிக்கு இடம் கொடுப்பதுதான். தூரத்திலிருந்து வருபவர்களுக்குச் சமைத்த ஐட்டம் கொடுக்காதீர்கள். பழம், ரொட்டி, நறுக்காத காய், குடிப்பதற்கு ஏதாவது என்று கெடாததாகக் கொடுங்கள். அல்லது அவர்கள் இங்கே வந்து சமைக்கட்டும்.

முந்தின நாள் சமைப்பதாக இருந்தால், அண்டாவோடு வெளியில் வைத்து ராத்திரி முழுக்க ஆறவிடக் கூடாது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். கெட்டியான இறைச்சிக் குழம்பில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்கிற கிருமிக்கு அதுதான் தோதான இடம். உணவுக்கூடங்களில் வைத்திருக்கும் விதி இது: 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். வீட்டில் இதற்குச் சுலபமான வழி, அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மிகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைப்பது. மறுநாள் சூடாக்கும்போது நடுவில் 75 டிகிரியாவது வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஓரத்தில் குமிழி வந்ததும் நிறுத்தாதீர்கள்.

சோற்றைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். பேசிலஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு வெளியில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே சோற்றை அன்றே, பரிமாறும் வீட்டிலேயே வடியுங்கள்.

ராஜ்மா மாதிரி சிவப்புப் பயறு சமைப்பவர்கள் இன்னும் ஒன்று கவனியுங்கள். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போட்டால் போதுமான சூடு ஏறாமல் போகலாம், அதில் இருக்கும் நஞ்சு அழியாது.

கடைசியாக, வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை யாருக்கும் சமைக்க வேண்டாம். "கொடுத்த வேலையை எப்படி விடுவது" என்று தயங்காதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் அவர் வேலையை யார் எடுப்பது என்றும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் எழுதியது:

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. வாயில் பட்டால் மூச்சு அடைக்கும் அளவுக்கு. பங்கு போட்டுச் சமைக்கும் விருந்து என்றாலே எனக்கு நடுக்கம். ஒரே வீட்டுச் சமையல் என்றால் ஒருவரிடம் கேட்டால் போதும். ஏழு வீட்டுச் சாப்பாட்டில் யார் எதைப் பொடித்துப் போட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

"கொஞ்சமாகத்தான் போட்டேன்", "நன்றாக வறுத்துவிட்டேன்" என்று சொல்வார்கள். வறுத்தாலும் கொதித்தாலும் அது போகாது. ஒரு கரண்டி இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்குப் போனால் போதும். கடலை பொரித்த எண்ணெயில் வேறு எதையும் பொரித்தாலும் அப்படித்தான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தான் போட்ட எல்லாப் பொருளையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பாத்திரத்தின் முன்னால் வைக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி. மகன் முதலில் தட்டில் போட்டுக்கொள்வான், அப்புறம்தான் மற்றவர்கள். என் மாமனார்தான் இதைத் தொடங்கினார். அவர் கையெழுத்தில் முதல் அட்டையைப் பார்த்த அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

கம்பிவட்டம் எழுதியது:

எலக்ட்ரீஷியன் என்கிற முறையில் ஒரு வார்த்தை. பர்னர் போதவில்லை என்று ஆளுக்கொரு மின் அடுப்பு கொண்டுவருவார்கள். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2000 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர். அதோடு ஒரு ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் வயர் சூடேறி உருகும். மெயின் விழுந்தால் அதிர்ஷ்டம், விழாமல் எரிந்தால்தான் கஷ்டம். சூடாக்கும் கருவி எதையும் நேரே சுவர் பிளக்கில்தான் சொருக வேண்டும், ஒரு பிளக்கில் ஒன்றுதான். எந்தப் பிளக்கில் எது என்பதையும் தீச்சட்டி சொன்ன அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

காற்றாலை எழுதியது:

முதலில் ஆர்டர் கொடுங்கள் என்று சொன்னவன் நான்தான். படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எனக்குச் சமைக்கவே தெரியாது. குடும்ப விருந்துக்குப் பணம் மட்டும் கொடுத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்துவிடுவேன். என்னைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

மூன்றாம்பிள்ளை எழுதியது:

தம்பி, 61-இல் 11 தான் சமையல் என்று சொன்னேனே, மீதி 50 உங்களுக்காகக் காத்திருக்கிறது. எங்கள் வீட்டில் சமைக்கத் தெரியாத சின்னத் தம்பிதான் பாத்திரப் பொறுப்பு. விருந்து முடிந்த பிறகு ஆரம்பிக்க மாட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கே தொட்டியில் வெந்நீர் நிரப்பி, காலியாகும் ஒவ்வொன்றையும் அப்போதே கழுவித் துடைத்துச் சமைப்பவர் கையில் கொடுப்பான். பாதிப் பாத்திரங்களை வைத்துக்கொண்டே சமையல் முடிந்துவிடுகிறது. எங்கள் அண்ணியைக் கேட்டால், விருந்தில் மிக முக்கியமான ஆள் அவன்தான் என்பார்.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். பொருள் வாங்கும் செலவை ஒரே இடத்தில் எழுதிக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக்கொள்ளுங்கள், வசதி குறைந்தவருக்குக் குறைவாக. இறைச்சி கொண்டுவரச் சொன்னவருக்கும் கீரை கொண்டுவரச் சொன்னவருக்கும் செலவு ஒன்றில்லை. யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், மனதில் மட்டும் கிடக்கும்.

கிணற்றடி எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் கூட்டித் தாளை எழுதினோம். எங்களுக்கு 54 வந்தது. எழுதும்போது என் கணவர் பேசாமலே இருந்தார். கடைசியில் "இவ்வளவா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் ஃப்ரிட்ஜ், தொட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் அவராகவே எடுத்துக்கொண்டார்.

நேரம் சொல்லும் வேலையை மாமியாரிடம் கொடுத்தேன். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, அடுப்புத் தாளும் கடிகாரமும் அவர் கையில். "ஆறேகால், நடு பர்னர் காலியாக வேண்டும்" என்று அவர் சொன்னால் யாருக்கும் மறுபேச்சு இல்லை. எல்லோருடைய சமையலும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தாளைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் காய்கறி மட்டும். என் பெரிய கொழுந்தனாரும் அவர் மகளும் சோறு. ஓரகத்தி இறைச்சி. பாத்திரங்களுக்கு முன்னால் அட்டை எழுதி வைத்தது பிள்ளைகள்.

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் விகிதத்தைக் கொழுந்தனாரிடம் சொல்லியிருந்தேன், ஆனால் அவர் மகள் அதற்கு முன்பே பெருக்கி ஊற்றிவிட்டாள். முதல் அடுக்குச் சோறு குழைந்துபோய் மறுபடி வடித்தோம், சாப்பாடு 50 நிமிடம் தாமதம். பசியில் சின்னவன் அழுதான். அடுத்த முறை பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கே தனியாகக் கொஞ்சம் கொடுத்துவிட வேண்டும்.

நாத்தனார் விஷயமும் முழுதாகச் சரியாகவில்லை. அவர் மூன்று மணி நேரப் பயணம், அதனால் செவிலி அவர்கள் சொன்னபடி சமைத்துக் கொண்டுவர வேண்டாம், பழமும் ரொட்டியும் போதும் என்றேன். தன் கைச்சமையலை ஒதுக்கிவிட்டேன் என்று வருத்தப்பட்டார். காரணத்தை விளக்கினேன், தலையாட்டினார், மனம் ஆறவில்லை. மாடிவீடு அம்மா எழுதியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அவருக்கு நான் கொடுத்ததும் ஒப்புக்கு ஒரு வேலைதான். முன்கூட்டியே வந்து என் அடுப்பில் சமைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எட்டே முக்காலுக்கு எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்தேன். என் தட்டில் ஆவி பறந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

புதுமருமகள் எழுதியது:

அக்கா, ரொம்ப சந்தோஷம். நானும் போனேன், கைவீசிக்கொண்டு போகவில்லை. "இந்த ஒரு பாத்திரம் முழுக்க என் பொறுப்பு, ருசி பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள், நானே சேர்க்கிறேன்" என்று முன்கூட்டியே சொன்னேன். "உப்பு கொஞ்சம் போடேன்" என்றார் அந்தப் பெரியவர். போட்டேன்.

உங்கள் தாளில் விருந்துக்கு அப்புறம் செய்யும் வேலைகளில் என்னவெல்லாம் எழுதினீர்கள்? எங்கள் வீட்டில் அந்தப் பகுதியில்தான் எல்லோரும் காணாமல் போகிறார்கள்.

கிணற்றடி எழுதியது:

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் சின்ன டப்பாக்களில் பிரிப்பது, எந்த டப்பா யார் வீட்டுக்கு என்று பெயர் ஒட்டுவது, தூரம் போகிறவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது, பொரித்த எண்ணெயை ஆறவைத்துத் தனிப் புட்டியில் ஊற்றுவது (தொட்டியில் கொட்டக் கூடாது), அடுப்பைத் துடைப்பது, குப்பையை அன்றே வெளியேற்றுவது, ஈரத்துணிகளைத் துவைக்கப் போடுவது, இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர். விட்டுப்போன வேலை ஒன்றுதான் இருந்தது, மறுநாள் மாமியாரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போவது. அதை நான் எழுதவே மறந்திருந்தேன். நாத்தனார் தன் கையால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார்.